தாராசுரத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? முக்கால் மணியில் பார்த்துவிட்டு வந்தவனின் கேள்வி

பயணப்பை:
போன மாதம் குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தோம். காலையில் பெரிய கோயில், மதியம் கும்பகோணத்தில் சாப்பாடு, நடுவில் தாராசுரம் என்று திட்டம். ஐராவதேசுவரர் கோயில் வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. தரைக்கல் கொதித்தது. பிள்ளைகள் ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குக் குதித்துக் குதித்து ஓடினார்கள். வாசலில் ஒருவர் வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்டார். இசைப்படி, தேர்ச்சக்கரம், யானையும் காளையும் ஒட்டிய சிற்பம், சாமி கும்பிட்டாயிற்று, வெளியே வந்தாயிற்று. தஞ்சையைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னக் கோயில்தான் என்று நினைத்துக்கொண்டு வண்டியேறிவிட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அறுபத்துமூவர் எங்கடா?" என்றார். அவர் என்ன கேட்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் வரிசையாக இருக்கின்றனவாம். அப்புறம் என் படங்களையே பெரிதாக்கித் தேடினேன். ஒரு படத்தில் இருக்கிறது. அதை என் கால் மறைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன், இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டு. முழு நாள் ஒதுக்கலாமா? எங்கே தொடங்குவது? அவருக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி உண்டு.

குடந்தைவாசி:
முழு நாள் வேண்டாம். இரண்டு அரை நாள் வையுங்கள். காலை ஏழு மணிக்குப் போய் பத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள், மறுபடி நாலரைக்கு மேல் போங்கள். கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டர்கூட வராது, தங்குவதை அங்கேயே வைத்துக்கொண்டால் இது சுலபம். கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் சின்னச் சிற்பங்களில் மேடும் பள்ளமும் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். நீங்கள் போன நேரத்தில் போனால் யாருக்கும் சின்னக் கோயிலாகத்தான் தெரியும்.

உயரத்தைப் பார்க்கப் போனால் சின்னதுதான். தஞ்சை விமானம் ஏறக்குறைய 200 அடி, இது 80 அடி. இங்கே வேலை நடந்தது கீழே, கைக்கெட்டும் உயரத்தில்.

அப்பாவுக்கு: கோயில் சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கிறது, இறங்கித்தான் போகவேண்டும். தேர் மாதிரி இருக்கிற முன் மண்டபத்துக்கு (ராஜகம்பீரன் மண்டபம் என்பார்கள்) படியேற்றம் உண்டு. மெதுவாகக் கைப்பிடித்து ஏற்றுங்கள். கோயிலைச் சுற்றி மதிலோரமாக ஓடுகிற திருச்சுற்று மாளிகையில் நிழல் இருக்கும், உட்காரலாம்.

எழுத்தாணி:
அப்பா கேட்டது சரியான கேள்வி. அந்த வரிசைக்காகவே நான் நாலு தடவை போயிருக்கிறேன்.

இந்தக் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் ராஜராஜன், 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது அவன் அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அப்பன் காலத்துப் புராணம், மகன் காலத்தில் கல்லாகிவிட்டது. பாடி முடித்து ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. புதிதாக வந்த கதையை உடனே செதுக்கிப் பார்க்கும் ஆசை அதில் தெரிகிறது.

ஒவ்வொரு காட்சியும் சாண் அளவுதான் இருக்கும். சுந்தரர் அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையை மீட்ட காட்சியைத் தேடுங்கள். கண்ணப்பர் இருக்கிறார், சண்டேசர் இருக்கிறார். பல காட்சிகளுக்கு மேலே சின்ன எழுத்தில் தமிழிலேயே பெயர் பொறித்திருக்கிறது. படிக்க ஒரு யோசனை: சோழர் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். 'க' என்று இருந்தால் அது 'க்' ஆகவும் இருக்கலாம். எகர ஏகார வேறுபாடும் தெரியாது. யாருடைய பெயர் என்று ஒரு ஊகத்தோடு குனிந்தால் அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். முதல் பெயரை நாமே படிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லமாட்டேன்.

விரலால் தடவிப் படிக்கவேண்டாம், கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்து எழும்பும்.

சும்மாபார்ப்பவள்:
எழுத்தாணி ஐயா மன்னிக்கவேண்டும், எனக்கு இந்த அணுகுமுறையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கதை தெரியவேண்டும், எழுத்து படிக்கவேண்டும், அரசன் பெயர் தெரியவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஆட்களைப் பயமுறுத்திவிடுகிறோம். எனக்கு அறுபத்துமூவரில் பத்துப் பேர் பெயர்கூடச் சரியாக வராது. ஆனால் தாராசுரத்தில் ஒரே ஒரு தூணுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

முன் மண்டபத் தூண்களைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குள் ஒருத்தி ஆடுகிறாள், பக்கத்தில் ஒருவன் மத்தளம் கொட்டுகிறான், அவன் தலை அவள் காலின் தாளத்துக்குச் சாய்ந்திருக்கிறது. உடம்பை வளைத்துக் கழைக்கூத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கை யாருடையது என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கும், அப்புறம்தான் ஒரே உறுப்பை இரண்டு பேருக்குப் பங்கு போட்டிருப்பது தெரியும். இதற்கு என்ன புராணம் தெரியவேண்டும்?

பயணப்பை, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஆளுக்கு ஒரு தூண் கொடுத்துவிடுங்கள். அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எழுத்தாணி:
சங்கடப்படவேண்டாம் அம்மா, நானும் முதல் தடவை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று. அதே தூண்களில் காமனை எரித்தது, உமை தவமிருந்தது என்று தொடர்கதையும் இருக்கிறது. கதை தெரியாமல் பார்த்தால் தாடிக்காரர் ஒருவர், ஒற்றைக் காலில் ஒரு பெண் என்று தனித்தனியாகக் கடந்துபோவோம். தெரிந்தால் அடுத்த சதுரத்தில் என்ன வரப்போகிறது என்று கண் முந்திக்கொண்டு ஓடும். இரண்டும் இரண்டு விதமான பார்வை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

சும்மாபார்ப்பவள்:
எனக்கு முதலாவது. சரி, விடுங்கள்.

பயணப்பை:
எல்லோருக்கும் நன்றி. கூட வந்தவர் சொன்ன சிலவற்றைக் கேட்டுவிடுகிறேன். தேர்ச்சக்கரத்தின் ஆரங்களை வைத்து மணி பார்ப்பார்களாம். படியைத் தட்டினால் ஸரிகமபதநி வருமாம். கோனார்க்கைப் பார்த்துத்தான் இங்கே தேர் செதுக்கினார்களாம். இதெல்லாம் உண்மையா?

எழுத்தாணி:
சக்கரத்தில் மணி பார்ப்பது ஒடிசாவில் இருக்கிற கோனார்க் சூரியன் கோயிலைப் பற்றிச் சொல்லப்படுவது. ரயிலேறி இங்கே வந்துவிட்டது போல. தாராசுரத்துச் சக்கரங்கள் மண்டபத்தைத் தேராக்கிக் காட்டத்தான். பாயும் குதிரைகளும் படிப்பக்கத்து யானைகளும் அதற்குத்தான்.

கோனார்க்கைப் பார்த்துச் செய்தார்கள் என்பது காலத்தைத் தலைகீழாக்குவது. கோனார்க்கைக் கட்டியவன் முதலாம் நரசிம்மதேவன், 13ஆம் நூற்றாண்டின் நடுவில். தாராசுரம் அதற்கு நூறு வருடம் மூத்தது. அதற்காக, இங்கிருந்துதான் அங்கே போயிற்று என்று நாம் கிளம்பவும் வேண்டாம். நரசிம்மதேவனின் வம்சமான கீழைக் கங்கர்களுக்கும் சோழர்களுக்கும் கல்யாண உறவு இருந்தது, அவன் முன்னோன் அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் சோழ இளவரசி. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

ஹம்பி கல்தேர் இன்னும் பின்னால், விஜயநகரக் காலம்.

குடந்தைவாசி:
படிகள் பலிபீடத்துக்கு ஏறுகிற சின்னப் படிகள். தட்டினால் வேறு வேறு ஒலி வரும் என்பது உண்மை, சிறு வயதில் தட்டியிருக்கிறேன். ஏழு சுரமும் வரிசையாக வந்தது என்று என் காது சாட்சி சொல்லாது. ஆளாளுக்குக் கல்லால் தட்டித் தட்டிச் சேதமானதால் இப்போது கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். தட்டிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. யாராவது திறந்துவிட்டுத் தட்டிக் காட்டுகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேற்குக்காற்று:
கொஞ்சம் எதிர்மறையாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், அடிக்கவேண்டாம். நான் கர்நாடகத்தில் ஹொய்சளர் கட்டிய பேலூர், ஹளேபீடு கோயில்களைப் பார்த்துவிட்டுத் தாராசுரம் வந்தவன். அங்கே ஒரு நடனப் பெண்ணின் வளையலுக்கும் கைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. பூவேலைக்குப் பின்னால் ஊசி விடலாம். அதைப் பார்த்த பிறகு தாராசுரத்து உருவங்கள் மழுங்கினாற்போல்தான் தெரிந்தன. நுணுக்கம் என்றால் ஹொய்சளர்தான். தமிழ்நாட்டில் இருப்பதால் நாம் இதைத் தூக்கிப் பிடிக்கிறோமோ?

உளிச்சத்தம்:
வழக்கமாக இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. கல்வேலைதான் பிழைப்பு என்பதால் இதற்குப் பதில் சொல்கிறேன்.

தம்பி, இரண்டும் ஒரே நூற்றாண்டு. பேலூர் விஷ்ணுவர்தனன் காலத்தில் 1117இல் எழுந்தது, ஹளேபீடு அதற்குச் சற்றுப் பின்னால். ஆனால் கல் வேறு. அங்கே மாக்கல். வெட்டியெடுத்த புதிதில் மரம் மாதிரி இழைக்கலாம், காற்றுப் பட்டுப் பட்டு அப்புறம்தான் இறுகும். நகைவேலைக்கு ஏற்ற கல் அது. இங்கே கருங்கல். உளியை வைத்து அடித்தால் கல் துகளாகத் தெறிக்கும், சீவல் சீவலாக வராது. நாலு அடிக்கு ஒருதரம் உளி முனை மழுங்கும், உலையில் காய்ச்சித் தட்டிக் கூர் ஏற்றவேண்டும். வளையலுக்கும் கைக்கும் நடுவில் கல்லை எடுக்கப் போனால் வளையலும் சேர்ந்து போய்விடும். மூக்கு நுனி தெறித்தால் ஒட்டவைக்க முடியாது, அந்த முகத்தையே உள்ளே தள்ளிப் புதிதாக எடுக்கவேண்டும்.

அதனால் கருங்கல் சிற்பி நகையில் போட்டி போடமாட்டான். உடம்பின் வளைவில் போடுவான். சாண் உயரக் காட்சியில் ஓர் ஆள் குனிந்திருக்கிறான் என்றால் அவன் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியும். தாராசுரத்தில் நான் பார்ப்பது அதைத்தான். முகம் தேய்ந்துபோன இடத்தில்கூட அந்த ஆள் அழுகிறானா, கோபமாக இருக்கிறானா என்பதைத் தோளை வைத்துச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. காவிரிப் படுகையில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். பாறை கிடையாது. இத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. சுவர் மாடங்களில் சில சிலைகள் மட்டும் கன்னங்கரேலென்று வழவழப்பாக இருப்பதைப் பாருங்கள், அது சுவர்க்கல் அல்ல. மூன்று முகமும் எட்டுக் கையும் உள்ள அர்த்தநாரி இருக்கிறார். அந்தச் சிலையின் பாதிப் பக்கம் எப்படித் திரும்புகிறது என்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எதிரே நின்று படமெடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

மேற்குக்காற்று:
ஐயா, மழுங்கினாற்போல் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நுணுக்கம் என்றாலே ஓட்டை போடுவது என்று நினைத்திருந்தேன். ஹளேபீடு பிடிக்கும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

உளிச்சத்தம்:
எனக்கும் பிடிக்கும் தம்பி. யார் பிடிக்காது என்றது?

குடந்தைவாசி:
மாடங்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. சில மாடங்கள் காலியாக இருக்கும். திருட்டு என்று அவசரப்பட்டு முடிவு கட்டவேண்டாம். இந்தக் கோயிலின் அருமையான சிற்பங்கள் சில தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. யானையை உரித்துப் போர்த்திய கஜசம்ஹாரமூர்த்தியை அங்கே பாருங்கள். யானைத்தோல் விரிந்திருக்க, நடுவில் உடம்பை முறுக்கி நிற்கிறார் சிவன். பிச்சைக்கு வந்த சிவனைக் கண்டு மயங்கிய தாருகாவனத்து ரிஷிபத்தினிகளின் சிற்பத் தொகுதியும் அங்கேதான். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அங்கேயே ஒரு துவாரபாலகர் இருக்கிறார். முகவெட்டே சோழநாட்டுச் சாயல் இல்லை. முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த வெற்றிப்பொருள், பீடத்திலேயே தமிழில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அவரும் தாராசுரத்தில் நின்றவர்தான். தஞ்சையில் ஒரு நாள் தங்கினால் கலைக்கூடத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கோயிலுக்கு வாருங்கள். காலி மாடத்தைப் பார்க்கும்போது மனத்தில் ஆள் வந்து நிற்பார்.

சும்மாபார்ப்பவள்:
ஒரு வருத்தமும் சொல்லிவிடுகிறேன். போன தடவை ஒரு குடும்பம் பிள்ளையைத் தூக்கிக் கல்யானை மேல் உட்காரவைத்துப் படமெடுத்தது. நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு, "கல்லுதானே, தேய்ஞ்சா போயிடும்?" என்று பதில் வந்தது. தேய்ந்துதான் போயிருக்கிறது, அதன் முதுகு மட்டும் பளபளக்கிறது. இன்னொரு பாட்டி சுவரில் இருந்த சின்ன அம்மனுக்கு எண்ணெய் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எனக்கு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

எழுத்தாணி:
எண்ணெய் சுவர்ச்சிற்பத்துக்குக் கெடுதல்தான், தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுக்காகிவிடும். எழுத்துகூட மறைந்துவிடும். ஆனால் இது பூசை நடக்கிற கோயில். யுனெஸ்கோ 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் பட்டியலிட்டது, 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் இதையும் அதோடு சேர்த்தபோது வாழும் சோழர் கோயில்கள் என்றுதான் பெயர் வைத்தது. பாட்டியை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. உள்ளே விளக்கு இருக்கிறது, அங்கே எண்ணெய் விடலாம் பாட்டி என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது ஒருவர் கேட்டார், இருவர் என்னைத் திட்டினார்கள்.

மேற்குக்காற்று:
மழைக்காலத்தில் போகலாமா? முன்வாசல் முழுக்கத் தண்ணீர் நிற்க, கோபுரம் அதில் தலைகீழாகத் தெரியும் படம் ஒன்று பார்த்தேன்.

குடந்தைவாசி:
படத்துக்கு அழகு, காலுக்கு ஆபத்து. பள்ளமான இடம் என்றேனே, ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் நந்திப் பக்கம் குளமாகிவிடும். பாசி வழுக்கும். எழுபத்தாறு வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு அப்போது வேண்டாம். தை, மாசி சரியான காலம்.

அம்மன் கோயில் வடக்கே தனியாக இருக்கிறது. பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

பயணப்பை:
போய்விட்டு வந்தேன். இந்த இழைக்குக் கடன்பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏழரைக்கு உள்ளே போனோம். முதல் கஷ்டம், நான் எதிர்பார்த்ததுதான்: அப்பாவால் குனிய முடியவில்லை. முழங்கால் உயரத்தில் இருக்கிற வரிசையை நின்றபடி பார்த்தால் எழுத்தும் தெரியாது, முகமும் தெரியாது. பத்து நிமிடம் முயன்றுவிட்டு, "நீ பாருடா, நான் உட்கார்றேன்" என்று திருச்சுற்று நிழலில் போய் அமர்ந்துவிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்காகத்தானே வந்தது.

அப்புறம் ஒன்று செய்தேன். தரையில் உட்கார்ந்து ஐந்தைந்து காட்சிகளாகப் படமெடுத்து, அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. அவர் பெரிதாக்கிப் பார்த்து யார் என்று சொல்வார், நான் திரும்பிப் போய் எழுத்தில் சரிபார்ப்பது. எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை இதேதான் நடந்தது. எத்தனை நடை நடந்தேன் என்று எண்ணவில்லை. முதலையை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். கண்ணப்பரையும். ஒரு காட்சிக்கு அவர் ஒரு நாயன்மார் பெயர் சொன்னார், எழுத்து வேறு மாதிரி இருந்தது. எனக்குத்தான் எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று அப்பா அடித்துச் சொன்னார். புள்ளி இல்லாத கணக்கையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியில் காரில், "அவராத்தான் இருக்கும்னு தோணுது" என்றார். அதற்குமேல் நானும் கிளறவில்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தூண் கொடுத்தேன். பெரியவள் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தாள். சின்னவன் ஐந்து நிமிடத்தில் தூணை விட்டுவிட்டு யானை காளைச் சிற்பத்துக்குப் போய், ஒரு கையால் காளையை மறைத்து யானை, மறு கையால் யானையை மறைத்துக் காளை என்று தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். தொடாமல்தான்.

அர்த்தநாரியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். உளிச்சத்தம் ஐயா, நீங்கள் சொன்னது புரிந்தது. எழுதத் தெரியவில்லை.

எழுத்தாணி:
வடக்குத் திருச்சுற்றில் சிவாசாரியார்கள் 108 பேர் வரிசையைப் பார்த்தீர்களா? ஒவ்வொருவருக்கும் பெயரும் குறிப்பும் எழுதியிருக்கிறது.

பயணப்பை:
வடக்குத் திருச்சுற்றா? அப்பா உட்கார்ந்திருந்த இடமே அதுதான்! இரண்டு மணி நேரம் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பச் சொல்வார்.